அக்கா பையனை மலையாளத்தில் சோதித்து 50 விழுக்காடு ஊனம் என்று போட்டுவிட்டார்கள். மேல்முறையீடு செய்வதா, விட்டுவிடுவதா?

மலைஜீப் எழுதியது:

மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறேன். ஜீப் ஓட்டுகிறேன். அக்கா கொழுந்து எடுக்கிறாள். அவள் பையனுக்கு 7 வயது, தமிழ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு. அவனைப் பற்றித்தான் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்குப் பேச்சு தாமதம். மூன்றரை வயதில்தான் அம்மா என்றான். இப்போது பேசுகிறான், ஆனால் பாதி எழுத்து வராது. 'சக்கரை' என்றால் 'தக்கரை'. வகுப்பில் டீச்சர் ஒன்று சொன்னால் இவன் ஒன்று செய்வான். கைக்குழந்தையிலிருந்தே காது ஒழுகும். பனி விழ ஆரம்பித்தால் போதும், காலையில் தலையணையில் மஞ்சளாக ஒரு வட்டம் இருக்கும். எங்கள் அம்மா பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சி விடுவாள். அப்போதைக்கு நிற்கும், அடுத்த சளிக்கு மறுபடி வரும். லயத்தில் நாலு வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு இப்படி இருப்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்கூலில் சொன்னார்கள் என்று ஊனச் சான்றிதழ் தருகிற மெடிக்கல் போர்டுக்கு அழைத்துப் போனோம். விடியற்காலை 4 மணிக்கு என் ஜீப்பிலேயே கிளம்பினோம். வளைவுகளில் பையன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். போய்ச் சேர்ந்தால் எங்களுக்கு முன்னால் ஐம்பது பேர். மதியம் ஒன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள்.

உள்ளே ஒரு மேடம். முகத்தில் கடுகடுப்பெல்லாம் இல்லை, நல்ல மாதிரிதான். ஆனால் தமிழ் தெரியாது. "இரிக்கு மோனே" என்றார். உட்காரச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். பையனோ நின்றுகொண்டே "இருக்கு" என்றான். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அப்புறம் மேசையில் சாமான்களைப் பரப்பி "தாக்கோல் எடுக்கு" என்றார். பையன் அக்கா முகத்தைப் பார்க்கிறான். வீட்டில் யார் தாக்கோல் என்று சொல்கிறார்கள்? "தோர்த்து எவிடே?" துண்டு எங்கே என்கிறார். அதற்கும் முழித்தான். எனக்குப் பொறுக்காமல் "சாவிடா" என்றேன். உடனே எடுத்து நீட்டிவிட்டான். "கூட வந்தவர் சொல்லித்தரக் கூடாது" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மிச்சக் கேள்விகளை அக்காவிடம் கேட்டார்களாம். தானாகக் குளிப்பானா, பட்டன் போடுவானா, கடைக்குப் போவானா என்று. லயத்திலிருந்து கடை மூன்று கிலோமீட்டர், நடுவில் யானை வரும் பாதை. போகமாட்டான் என்றாள். அவளுக்கு மலையாளம் காதில் விழும், வாயில் வராது.

எல்லாம் இருபது நிமிடம். காதை யாரும் பார்க்கவில்லை. வந்த சான்றிதழில் அறிவுசார் குறைபாடு, 50 விழுக்காடு என்று இருக்கிறது.

என் சிக்கல் இதுதான். இந்தச் சான்றிதழை வைத்துப் பஞ்சாயத்தில் பென்ஷனுக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. அக்கா வீட்டுக்காரர் இல்லை. "வருகிற காசைக் கெடுக்காதே" என்கிறாள். எனக்கோ அவன் மக்கு இல்லை என்று தோன்றுகிறது. ஜீப்பில் பதினொரு மிமீ ஸ்பானர் கேட்டால் பதினொன்றைத்தான் எடுத்துத் தருவான். ஆனால் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும், முதுகுப் பக்கமிருந்து கேட்டால் அசையமாட்டான். தமிழில் மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேட்க முடியுமா? கேட்டால் உள்ளதும் போய்விடுமா? சான்றிதழ் வந்து இரண்டு மாதம் ஆகிறது.

வண்டிப்பெரியார் 66 எழுதியது:

தம்பி, கிடைத்ததை விடாதே. என் தம்பிக்கு இளம்பிள்ளைவாதம், கால் சூம்பியது கண்ணுக்குத் தெரியும். அவனுக்கே கார்டு வாங்க மூன்று வருடம் அலைந்தேன். நீ போய்த் தப்பு என்று சொன்னால் அவர்கள் பூஜ்யம் என்று எழுதித் தந்துவிடுவார்கள். மாதம் 2000 ரூபாய் யார் தருவார்? 2025 அக்டோபர் வரைக்கும் 1600தான். மூளை வளர்ச்சிக் குறைவு என்றால் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு ஆஸ்வாசகிரணம் 600 தனியாக எழுதலாம். அதையும் எழுது. பையன் வளர்ந்தால் தானாகத் தெளிவான்.

ஸ்பெஷல் டீச்சர் எழுதியது:

மலைஜீப் தம்பி, முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் அசையமாட்டான் என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரியைப் போர்டில் சொன்னீர்களா? பீர்மேடு பக்கம் 19 வருடமாகத் தோட்டப் பிள்ளைகளோடு இருக்கிறேன். காது ஒழுகுகிற பிள்ளை, 'ச' வராத பிள்ளை, முகத்தைப் பார்த்தால் மட்டும் பதில் சொல்கிற பிள்ளை. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் பார்ப்பது காதைத்தான். 'ச', 'ஸ' மாதிரி மெல்லிய ஒலிகள் அரைகுறைக் காதில் முதலில் தொலைந்துபோகும். காதில் விழாத ஒலி வாயில் எப்படி வரும்?

வண்டிப்பெரியார் அண்ணன் சொன்னதைத் தள்ள மாட்டேன். பசி அவருக்குத் தெரியும். ஆனால் "தானாகத் தெளிவான்" என்பதை மட்டும் ஏற்க முடியாது. காதுச் சவ்வில் ஓட்டை இருந்தால் அது வயதால் தெளியாது. மருந்து வேண்டும், சில பிள்ளைகளுக்குச் சவ்வு ஒட்டும் ஆபரேஷன் வேண்டும்.

போர்டு கணக்கு எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். வைன்லேண்ட் என்றொரு அளவுகோல் உண்டு. குளிப்பது, உடுத்துவது, கடைக்குப் போவது என்று அம்மாவிடம் கேட்டார்களே, அதுதான். அந்த மதிப்பெண் 55 முதல் 69 வரை வந்தால் 50 விழுக்காடு. 70 முதல் 84 வரை என்றால் 25. நடுவில் எதுவும் கிடையாது. உங்கள் பையன் இரண்டு கேள்விக்கு "போகமாட்டான்", "செய்யமாட்டான்" என்று பதில் வாங்கியிருந்தாலே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் விழுந்திருப்பான். யானைப் பாதையில் ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதது அம்மாவின் புத்திசாலித்தனம். தாளில் அது பிள்ளையின் குறை ஆகிவிட்டது.

மொழி தடையாக இருந்தால் பேச்சு இல்லாமலே செய்கிற சோதனைகள் இருக்கின்றன. செகுவின் பலகை என்று ஒன்று. பத்து மரத்துண்டுகள், வட்டம், சதுரம், நட்சத்திரம் மாதிரி. அந்தந்தக் குழியில் வைக்கவேண்டும். மூன்று தடவை வைக்கச் சொல்லி, குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பார்கள். இதற்குத் தாக்கோலும் வேண்டாம், சாவியும் வேண்டாம்.

இப்போது கசப்பானதையும் சொல்லவேண்டும். காதுதான் காரணம் என்று ஆனால் பென்ஷன் கிடைக்காமல் போகலாம். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை குறைந்த செவித்திறன். விழுக்காடு போடும்போது நல்ல காதுக்கு ஐந்து பங்கு எடை, மோசமான காதுக்கு ஒரு பங்கு. சீழ் வடிகிற காதில் இழப்பு பெரும்பாலும் இவ்வளவு தூரம் போகாது. அதாவது 40 விழுக்காட்டைத் தொடமாட்டான். உதவிக்கு 40 வேண்டும். ஆனால் சிகிச்சைக்கு எந்த விழுக்காடும் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிற ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் காது கேளாமையும் உண்டு, 18 வயது வரை இலவசம்.

மேல்முறையீட்டுக்கு அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவு. முடிவு வந்த நாளிலிருந்து 90 நாள். உங்களுக்கு ஒரு மாதம்தான் மிச்சம். அதற்குள் காது சோதனையைச் செய்து தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை செய்வதால் எதுவும் பறிபோகாது. முறையீடு போடுவதா வேண்டாமா என்பதை அந்தத் தாளைப் பார்த்தபின் அக்கா முடிவு செய்யட்டும். நீங்களோ நானோ அல்ல.

நகரி பஸ் எழுதியது:

ஆந்திரா பக்கம் 2024 ஜூலையிலிருந்து இதே பென்ஷன் 6000. எல்லையில் பிறந்தவனுக்குத்தான் தெரியும், எந்தப் பக்கம் விழுந்தோம் என்பதற்கு எவ்வளவு விலை என்று. ஆனால் மொழி விஷயத்தில் இங்கேயும் அதே கதைதான். என் பாட்டிக்குக் காது சோதனை செய்தபோது ஹெட்போனில் தெலுங்கு வார்த்தைகளைப் போட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பாட்டி "இவன் என்ன பேசறான்னே புரியல" என்றாள். கேட்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

பவானிக்கரை எழுதியது:

அட்டப்பாடியிலிருந்து எழுதுகிறேன். நான் இருளர். எங்கள் பேச்சு தமிழ்க் காதுக்குப் பாதி புரியும், மலையாளக் காதுக்குக் கால்வாசி.

என் தங்கைக்கு அரிவாள் செல் நோய், ரத்தத்தில் வருவது. பனியோ தண்ணீர் குறைவோ வந்தால் எலும்புக்குள் யாரோ திருகுகிற மாதிரி இருக்கும் என்பாள். ஒரு ராத்திரி மலை இறங்கி ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மா "வலிக்குது, வலிக்குது" என்று கத்துகிறாள். மலையாளத்தில் நோவு என்றால் வேதனை. வலிவு என்றால் மூச்சு இழுப்பு. புது டாக்டர், பாவம், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு மூக்கில் புகை மாட்டினார். முக்கால் மணி நேரம் தங்கை அந்த மாஸ்க்கோடு துடித்தாள். அரிவாள் செல் அட்டையை எடுத்து அண்ணன் மேசையில் வைத்த பிறகுதான் குளுக்கோஸ் ஏறியது.

1995 சட்டத்தில் ஊனம் ஏழு வகை. 2016-இல் 21 ஆக்கியபோதுதான் தலசீமியா, ஹீமோஃபிலியா என்ற ரத்த நோய்களோடு அரிவாள் செல்லும் உள்ளே வந்தது. அதுவரை என் தங்கை சோம்பேறி, அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் ஊனமுற்றோர் 2.21 விழுக்காடு, பழங்குடிகளில் 2.05 என்று இருக்கிறது. படித்துவிட்டுச் சிரித்தேன். காட்டில் நாங்கள் நாட்டாரைவிட நலமாக இருக்கிறோமாம்! அன்றைக்குக் கேட்ட கேள்வியில் கண், காது, பேச்சு, கை கால், மனம் எல்லாம் இருந்தன, ரத்தம் இல்லை. கேட்கிறவர் மொழியும் எங்களுடையது இல்லை. தமிழ்நாட்டில் 1.64, கேரளத்தில் 2.28. கேரளத்தில் ஊனம் கூடுதல் என்று அர்த்தமா? தேடினார்கள், கிடைத்தது. எங்களிடம் தேடவில்லை. இப்போது 2023-லிருந்து 40 வயது வரை உள்ளவர்களுக்கு அரிவாள் செல் பரிசோதனை என்று பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைக் குறிவைத்து நடக்கிறது. ரத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது.

மலைஜீப் அண்ணா, பேச்சுத் துணைக்கு ஒரு ஆளைக் கேட்டு வாங்குங்கள். நீங்களே நின்றால் வெளியே அனுப்புவார்கள். வேறு ஒருவர், டீச்சரோ நர்ஸோ.

கொடுவாயூர்க்காரி எழுதியது:

பாலக்காட்டுத் தமிழ், இப்போது கலிபோர்னியாவில் ஒரு பள்ளியில் உதவியாளர். இந்தத் தாக்கோல் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் இதே ஊரில் இதே கதை நடந்திருக்கிறது.

இங்கே மெக்சிகோ வழி வந்த தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள், வீட்டில் ஸ்பானிஷ். ஆங்கிலத்தில் ஐ.க்யூ. பார்த்து மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் வகுப்பில் போட்டுவிட்டார்கள். ஒன்பது பிள்ளைகளின் பேரில் வழக்கு வந்தது, டயானா வழக்கு என்பார்கள். ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலானவர்கள் அந்த வகுப்பில் இருக்கவேண்டியவர்களே இல்லை. 1970-இல் சமரசமாக முடிந்தது. இனி வீட்டு மொழியிலும் சோதிக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். 1975-இல் வந்த மத்திய சட்டத்திலேயே அது ஏறிவிட்டது. இன்றைக்கு எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சோதிப்பதற்கு முன் முதல் கேள்வியே வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்பதுதான். பெற்றோர் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வருவார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இங்கே பெரியவர்களில் பூர்வகுடிகள் 10 பேரில் 3 பேருக்கு ஏதாவது ஊனம், கறுப்பர்களில் 4-க்கு 1, வெள்ளையர்களில் 5-க்கு 1. ஆசியர்களில் 10-க்கு 1தான். அந்தக் கடைசிக் கணக்கை நான் முழுதாக நம்ப மாட்டேன். நம்மவர் வீடுகளில் ஆட்டிசப் பிள்ளையை விருந்தாளி வந்தால் மாடியில் வைப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மலைஜீப் எழுதியது:

கொடுவாயூர் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது, எனக்கு இங்கே என்ன இருக்கிறது? நேற்று ஓர் அலுவலகத்தில் தமிழில் எழுதிய மனுவை நீட்டினேன். "மலையாளத்தில் எழுதிக் கொண்டுவா" என்று மடித்துத் திருப்பித் தந்துவிட்டார்.

ஸ்பெஷல் டீச்சர் எழுதியது:

இருக்கிறது தம்பி. குறை தீர்க்கும் மனுவை நாட்டிலோ அந்த மாநிலத்திலோ வழங்குகிற எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டம் 350-ஆம் பிரிவு சொல்கிறது. அது போதாதென்றால் கேரளத்தின் சொந்த ஆட்சிமொழிச் சட்டம், 1969. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அவரவர் மொழியில் அரசோடு எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறது. 1956-இல் மாநில எல்லை பிரித்தபோது தோவாளையும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுப் பக்கம் போய், தேவிகுளமும் பீர்மேடும் கேரளப் பக்கம் நின்றதன் மிச்சம் அது.

ஆனால் ஆபீசில் சட்டம் பேசினால் கதவுதான் சாத்துவார்கள். நான் செய்வது: மேலே தமிழ், கீழே அதே தாளில் மலையாளம். இரண்டு நகல். ஒன்றில் சீல் வாங்காமல் நகரமாட்டேன். கோரிக்கை ஒரே வரி: "பிள்ளையின் வீட்டு மொழி தமிழ். தமிழ் தெரிந்தவர் மூலமாகவோ பேச்சில்லாத சோதனை மூலமாகவோ, காது பரிசோதனையோடு சேர்த்து, மறு மதிப்பீடு வேண்டும்." அவர்கள் மேல் புகார் வேண்டாம். புகார் எழுதினால் பதில் எழுதுவார்கள், கோரிக்கை எழுதினால் தேதி தருவார்கள்.

மலைஜீப் எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

பூப்பாறை, போடிமெட்டு வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கிக் காது சோதனை செய்துவிட்டோம். கண்ணாடி அறைக்குள் பையனை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் ஒரு கல்லை டப்பாவில் போடு என்றார்கள். தமிழில் சொன்னார்கள், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். நான் வெளியிலிருந்து பார்க்கிறேன். ரொம்ப நேரம் கையில் கல்லை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். எங்கள் பக்கம் ஸ்பீக்கரில் சத்தம் வந்துகொண்டே இருக்கிறது, அவன் போடவில்லை. அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஏழு வருடமாகக் கூப்பிட்டும் திரும்பாததற்கெல்லாம் அடித்திருக்கிறாள்.

வலது காதில் 52 டெசிபல் இழப்பு, இடதில் 44. இரண்டு சவ்விலும் ஓட்டை. முதலில் காதைக் காயவைக்கச் சொட்டுமருந்து, தலைக்குக் குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சு, பிறகு ஆபரேஷன் பற்றிப் பார்க்கலாம் என்றார்கள். பூண்டு எண்ணெய் கூடவே கூடாதாம். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டீச்சர் சொன்ன மாதிரி 60-ஐத் தொடவில்லை. பென்ஷன் விஷயத்தை அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். ராத்திரி முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. காலையில் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது "பேப்பரை எழுது. காது ஒன்றுதான் கேட்கலைன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன், மேலே தமிழ், கீழே மலையாளம். 78-ஆம் நாள் சீல் வாங்கினேன்.

வண்டிப்பெரியார் அண்ணன் திட்டுவார் என்று தெரியும்.

வண்டிப்பெரியார் 66 எழுதியது:

திட்டவில்லை. ஆபரேஷனுக்குப் போகும்போது லயத்தில் ஆள் இல்லையென்றால் சொல், அம்மாவோடு என் வீட்டுக்காரி வந்து இருப்பாள்.

ஸ்பெஷல் டீச்சர் எழுதியது:

52, 44. சரி. வகுப்பில் முதல் பெஞ்ச், ஜன்னல் பக்கம் வேண்டாம், டீச்சர் முகம் தெரிகிற இடம். இதற்குப் போர்டு தேவையில்லை, நாளைக்கே கேளுங்கள். இன்னொன்று: அந்த ஆடியோகிராம் தாளை ஆசையில் லேமினேட் செய்துவிடாதீர்கள். போர்டில் சீல் ஒட்டாது, மறுபடி மலை இறங்கவேண்டிவரும்.

மலைஜீப் எழுதியது:

டீச்சர், நேற்றே செய்துவிட்டேன். கிழித்தால் வருமா?